பிள்ளைக்குப் போடாத ஊசி

பெண்கள் கிளைச்சிறையில் தடுப்பூசி முகாம் என்று உத்தரவு வந்ததும், சுகாதார நிலையத்தில் இருந்த மற்ற நர்சுகள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். ஒருத்திக்கு முதுகுவலி, இன்னொருத்தியின் மகனுக்குப் பரீட்சை. ஆன்மேரிக்குச் சாக்குச் சொல்ல வராது. அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சின்ன வயதில் வயித்துவலி என்று சொன்னால்கூட நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குக் கிளப்பிவிடுவார். அப்படி வளர்ந்தவள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

ஏற்பாடு கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஊசியும் நர்சும் சுகாதாரத் துறை தரும். இடமும் காவலும் சிறைத் துறை தரும். ரத்தப் பரிசோதனைச் செலவை ஓர் அறக்கட்டளை ஏற்கும். அறக்கட்டளை சார்பில் ஜெய்சன் என்ற ஒருங்கிணைப்பாளர் கழுத்தில் அட்டை தொங்க வந்திருந்தார். ரத்தத்தின் வழியே பரவி ஈரலை அரிக்கும் மஞ்சள்காமாலை ஒன்று உண்டு. அடைபட்ட இடத்தில் அது சீக்கிரம் பரவும். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. முதல் ஊசி போடும்போதே ரத்தமும் எடுத்து, யாருக்காவது நோய் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் ஒரு பெண்ணும் கையை நீட்டவில்லை.

“ஜெயில்ல கெடக்கவளுக செத்தா கேக்க நாதியில்லைன்னு நம்மள வச்சு ஊசியச் சோதிச்சுப் பாக்குறாக” என்று ஒருத்தி சுவரைப் பார்த்துச் சொன்னாள். மற்றவர்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஜெய்சன் எழுந்து நின்று விளக்கினார். அவர் பேசப் பேச அவர்கள் இன்னும் ஒடுங்கினார்கள்.

கூடத்தின் மூலையில் ஒரு கர்ப்பிணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆன்மேரி ஐஸ் பெட்டியை மேசையில் விட்டுவிட்டு அவளிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“எத்தன மாசம்மா?”

“எட்டு நடக்குது.”

“டாக்டர்ட்டக் காட்டினியா?”

“ஊர்ல இருக்கையில ரத்த டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தாக. அதுக்குள்ள இங்கிட்டு வந்துட்டேன். இங்கன வந்தப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்னாக. கூட வாரதுக்குப் போலீசு ஆளு இல்லையாம். இன்னைக்கு நாளைக்குன்னு போகுது.”

பெயர் முனீஸ்வரி. கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பங்காளிகளுக்குள் தகராறு. அவள் புருசன் அழகுபாண்டி மண்வெட்டிக் காம்பால் பெரியப்பன் மகனை மண்டையில் போட்டுவிட்டான். அடிபட்டவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் புகார் எழுதியவர்கள் வீட்டில் இருந்த அத்தனை பேர் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். மாமியார் ரெங்கம்மாள் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்ததால் தப்பினாள். புருசனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்த முனீஸ்வரி இரண்டாவது குற்றவாளி ஆனாள்.

“அக்கா, இந்த ஊசி வயித்துப் பிள்ளைய ஒண்ணும் பண்ணாதுல்ல?”

“பண்ணாது. பிள்ளத்தாச்சிகளுக்கும் போடுற ஊசிதான்.”

“ரத்தம் எடுக்குறீகளே, அதுல ஏதும் இருந்தா?”

“இருந்தா உங்கிட்டத்தான் சொல்லுவேன். வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

முனீஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்கத்தைக்குத் தெரியக்கூடாது. ஏற்கெனவே நான் கால் வச்ச நேரந்தான் மகன் ஜெயிலுக்குப் போனான்னு சொல்லிக்கிருக்கு. வியாதி கியாதின்னு காதுல விழுந்துச்சுன்னா வாசப்படி ஏற விடாது.”

“சத்தியமா யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

முனீஸ்வரி ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சியே போட்டுக்கொண்டாள் என்றதும் மற்றவர்களும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்தார்கள். மதியத்துக்குள் வரிசை வாசல்வரை போய்விட்டது. வார்டர் நாகஜோதி, “பரவால்ல சிஸ்டர், நானே போட்டுக்கலாமான்னு இருக்கு” என்று சிரித்தாள். ஜெய்சன் போட்டோ எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் ஐஸ் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆன்மேரிக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது.

அடுத்த வாரம் சுகாதார நிலைய டாக்டர் ரோகிணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஜெயில்ல எடுத்த ரத்தத்துல ஒருத்தருக்கு இருக்கு. உன்னோட கர்ப்பிணிக்கு.”

ஆன்மேரி நின்றபடியே கேட்டாள். ரோகிணி பதற்றமில்லாமல் சொன்னார். தாய்க்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, மருந்து மாத்திரை பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்குத்தான் யோசிக்கவேண்டும். பிறக்கும்போது தாயின் ரத்தம் பட்டுத் தொற்றிக்கொள்ளும். பிறந்த அன்றைக்கே தடுப்பூசி ஒன்றும், அதோடு எதிர்ப்புச் சக்தி ஊசி ஒன்றும் போட்டுவிட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடும். தாமதமானால் ஒரு வாரத்துக்குள்ளாவது போடவேண்டும். அதற்கு மேல் அந்த இரண்டாவது ஊசியைப் போட்டும் பிரயோசனமில்லை.

“போடாட்டி எல்லாப் பிள்ளைக்கும் வந்துருமா மேடம்?”

“எல்லாத்துக்கும் வராது. ஆனா அந்த வயசுல வந்தா உடம்ப விட்டுப் போகாது. நாப்பது வயசுல ஈரல் கெட்டுப்போய் வந்து நிக்கும்.” ரோகிணி போனை எடுத்தார். “பெரியாஸ்பத்திரில ஊசி இருக்கான்னு கேக்குறேன். நீ ஜெயில்ல சொல்லி பிரசவத்துக்கு அங்க கூட்டிட்டு வர ஏற்பாடு பண்ணு. பொறந்ததும் போட்டுரலாம். பெரிய விஷயமில்ல.”

பெரிய விஷயமில்லைதான். ஆன்மேரி வெளியே வந்த உடனே நாகஜோதிக்குப் போன் போட்டாள்.

“முனீஸ்வரியா? நேத்து சாயந்தரமே பெயில்ல போயிருச்சே சிஸ்டர்” என்றாள் நாகஜோதி. குரலில் சந்தோசம். “பிள்ள இங்கன பொறந்துருமோன்னு பயந்துக்கிருந்துச்சு. நல்லவேளை, சாமி கண்ணத் தொறந்துச்சு.”

சிறையில் எழுதிவைத்திருந்த போன் நம்பரை வாங்கி ஆன்மேரி கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். மறுநாளும் அதுதான். பிறகுதான் விசயம் தெரிந்தது. அந்தப் போன் அழகுபாண்டியுடையது. வழக்குச் சாமானாகப் போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்தது.

ஜெய்சனிடம் சொன்னாள். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “எங்க திட்டம் சிறைக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் சிஸ்டர். வெளிய போனவங்களத் தேட எங்களுக்கு ஆளும் இல்ல, அனுமதியும் இல்ல” என்றார். சிறை அலுவலகத்தில், “பெயில்ல விட்ட பெறகு அது எங்க கைதி இல்லையே” என்றார்கள். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராம நர்சைப் பிடித்துக் கேட்டதற்கு, அந்தப் பொண்ணு ஊரிலேயே இல்லை என்று பதில் வந்தது. கண்டிஷன் பெயிலாம். இரண்டு தரப்பும் மறுபடி முட்டிக்கொள்ளக்கூடாது என்று, வேறு ஊரில் தங்கி தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டுமாம். எந்த ஊர் என்று கிராம நர்சுக்குத் தெரியவில்லை. “மாமியாக்காரி வாயத் தொறக்க மாட்டேங்குது. என்னைய உளவு பாக்க வந்தவன்னு நெனைக்குது” என்றாள்.

யாரும் மறுக்கவில்லை, யாரும் கோபப்படவுமில்லை. ஒவ்வொருவரும் தங்கள் எல்லைவரை வந்து, அங்கே நின்று கையை விரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆன்மேரி வீட்டுக்குப் போகாமல் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினாள். கொட்டாம்பட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், அங்கிருந்து கண்மாய்க்கரை மேலே நடந்தாள். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ‘மண்ட ஒடச்ச வீடா?’ என்று கேட்டே வழி காட்டினார்கள்.

ரெங்கம்மாள் வாசலில் கடலைச் செடியை ஆய்ந்துகொண்டிருந்தாள். நர்சு என்றதும் கையை நிறுத்தவில்லை. நிமிர்ந்து மட்டும் பார்த்தாள்.

“எந்த ஆஸ்பத்திரி?”

“மதுரை. முனீஸ்வரியப் பாக்கணும்மா. எங்க இருக்குதுன்னு சொன்னா நான் போய்ப் பாத்துக்கிருவேன்.”

“ஜெயிலுக்குள்ள ஊசி போட்டது நீதானா?”

ஆன்மேரி தலையசைத்தாள்.

“எந்தச் சீமையிலயாவது எட்டு மாசப் பிள்ளத்தாச்சிக்கு ஜெயில்ல வச்சு ஊசி போடுவாகளா? இப்ப எதுக்குத் தேடி வந்திருக்க? ஊசி ஒத்துக்கிரலையா? பிள்ளைக்கு எதுவும் ஆகிப்போகுமா?”

“அதெல்லாம் இல்லம்மா. பிரசவம் பெரியாஸ்பத்திரில வச்சுக்கிட்டா நல்லது. பிள்ள பொறந்ததும் ரெண்டு ஊசி போடணும். அத அங்க போட்டுருவோம்.”

“எல்லாப் பிள்ளைக்குந்தான் ஊசி போடுறாக. அதுக்கு எதுக்கு மதுரையிலேருந்து ஞாயித்துக்கெழம அதுவுமா பஸ் ஏறி வார?” ரெங்கம்மாள் இப்போது செடியைக் கீழே வைத்துவிட்டாள். “அவளுக்கு என்ன? ஒளிக்காமச் சொல்லு.”

ஆன்மேரி நோயின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இந்தக் கிழவி பயந்துபோய் இடத்தைச் சொல்லிவிடக்கூடும். சொன்ன அந்த நிமிசமே முனீஸ்வரிக்கு இந்த வாசல் மூடிவிடும். பக்கத்து வீட்டுத் திண்டில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லக்கூடாது என்று சட்டமும் சொல்கிறது. அவளே சத்தியமும் செய்திருக்கிறாள்.

“ஒண்ணும் இல்லம்மா. உடம்பு பலவீனமா இருக்கு. அதான்.”

ரெங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்கு நாலு பிள்ள. எல்லாம் வீட்டுலயே பெத்தேன். பலவீனத்துக்கு யாரும் வீடு தேடி வர மாட்டாக.”

“என் நம்பரையாவது முனீஸ்வரிக்குக் குடுங்கம்மா. ஒரு தடவ பேசச் சொல்லுங்க. கையெடுத்துக் கும்புடுறேன்.”

ரெங்கம்மாள் உள்ளே போய்த் தன் பொத்தான் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆன்மேரியே நம்பரைப் பதிந்துகொடுத்தாள். “சொல்றேன், போ” என்றாள் கிழவி. குடிக்கத் தண்ணீர் கேட்க ஆன்மேரிக்கு வாய் வரவில்லை. வெயிலில் திரும்பி நடந்தாள்.

ரெங்கம்மாள் சொல்லவில்லை. மருமகளை மறுபடி ஏதோ வம்பில் இழுத்துவிட நர்சு வேசத்தில் எதிராளி அனுப்பிய ஆளோ என்று அவளுக்குச் சந்தேகம். அதையும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு அதுவரை தேடி வந்த யாரும் நல்லதுக்கு வந்ததில்லை.

நாட்கள் போயின. ஆன்மேரியின் போன் எத்தனையோ தடவை அடித்தது. தெரியாத நம்பர் என்றால் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் எடுத்தாள். கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். வீட்டு மனை வேண்டுமா என்று கேட்டார்கள். ரோகிணி பெரியாஸ்பத்திரியில் சொல்லிவைத்திருந்த ஊசி குளிர்பெட்டியில் காத்திருந்தது.

ஒரு மத்தியானம் அந்தக் குரல் வந்தது.

“அக்கா, முனீஸ்வரி பேசுறேன். பிள்ள பொறந்துருச்சுக்கா. ஆம்பளப் பிள்ள.”

ஆன்மேரி பேனாவை எடுத்தாள். “எப்பம்மா? எங்க?”

திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் தங்கித்தான் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஸ்டேஷன் வரிசையில் நிற்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுகப்பிரசவம். பிள்ளைக்கு ஊசியெல்லாம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க வந்த ரெங்கம்மாள், பேச்சுவாக்கில் ஜெயில் நர்சு வந்துபோன கதையைச் சொல்லியிருக்கிறாள்.

“எப்பப் பொறந்துச்சு, அதச் சொல்லு.”

“போன வாரத்துக்கு முந்துன வியாழக்கெழமக்கா.”

ஆன்மேரி மனதுக்குள் நாட்களை எண்ணினாள். எதிரே சுவரில் நாட்காட்டி இருந்தது. ஒரு வாரம் தாண்டிவிட்டது, அதைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

“என்னக்கா? அத்த சொல்லுச்சு, பலவீனம்னு. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

போனில் சொல்லக்கூடாது என்று நினைத்து, “பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாளைக்கு வா” என்றாள். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் முனீஸ்வரி வந்தாள். ரோகிணியே எடுத்துச் சொன்னார். பிள்ளைக்குத் தடுப்பூசியை உடனே போட்டார். இதுவாவது கொஞ்சம் உதவும் என்றார். மற்ற ஊசிக்கான காலம் போய்விட்டது என்றும் மறைக்காமல் சொன்னார். ஒரு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பால் கொடுக்கலாம், தடையில்லை. தாய்க்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முனீஸ்வரி அழுவாள் என்று ஆன்மேரி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி மெதுவாகக் கேட்டாள்.

“அத்தகிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீதானம்மா சொல்லக் கூடாதுன்ன.”

“ஆமா. நாந்தான் சொன்னேன்.” பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த பவுடரைத் துடைத்தாள். “சொல்லியிருந்தா என்னைய வீட்ட விட்டு வெரட்டியிருக்கும். பிள்ள தப்பிச்சிருக்கும்.”

ஆன்மேரி பிள்ளையின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கை கழுவும் இடத்தில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பிள்ளையின் அடுத்த ஊசிக்கு முனீஸ்வரி வரவில்லை. சித்தி வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டால், “அது இங்க இல்லம்மா” என்று வைத்துவிட்டார்கள். ஆன்மேரி மறுபடி கிராம நர்சைக் கூப்பிட்டாள். மறுபடி ஜெய்சனைக் கேட்டாள். ஒன்றும் துலங்கவில்லை.

சிறையில் அடுத்த முகாமுக்குப் போனபோது, கூடத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் சேலையில் தொட்டில் கட்டியிருந்தது. பக்கத்தில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் சில நாள் கையெழுத்துப் போடப் போகவில்லை. வக்கீலிடம் சொல்லியாயிற்று, அவர் மனுப்போட்டுவிடுவார் என்று இருந்துவிட்டாள். வக்கீல் போடவில்லை. நிபந்தனையை மீறிவிட்டாள் என்று எதிர்த்தரப்பு கோர்ட்டில் சொல்ல, பெயில் ரத்தாகிவிட்டது. பிள்ளையோடு கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள்.

அவளைப் பார்த்ததும் ஆன்மேரியின் மனதில் முதலில் எழுந்தது நிம்மதி. அப்பாடா, கிடைத்துவிட்டாள். இனி எங்கேயும் போகமாட்டாள், பிள்ளைக்கு ஒரு ஊசியும் தவறாது. அப்படித் தோன்றிய மறுகணமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக வந்தது. ஒரு பச்சைப் பிள்ளை கம்பிக்குள் கிடப்பதைப் பார்த்தா சந்தோசம் வருகிறது?

தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தொடையில் ஊசியைப் போட்டாள். அது வீறிட்டு அழுதது. நாகஜோதி சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். பிள்ளை அழுகையை நிறுத்தி அதையே பார்த்தது.

“இங்கன இருந்தா ஊசியாவது ஒழுங்காப் போடுவீக” என்றாள் முனீஸ்வரி. குத்திச் சொன்ன மாதிரி இல்லை. உள்ளதைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. “அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. மாத்திர டப்பாவ மெடிக்கல்ல காட்டிக் கேட்டுருக்கு. இங்கிட்டு ஒரு தடவகூட வரல. எங்க வீட்டுக்காரவுகளும் உள்ள இருக்காக. எங்க ரெண்டு பேருக்கும் யாரு பெயில் எடுக்கப் போறா?”

“பாக்கலாம்மா. இலவச வக்கீல் இருக்காங்க. நான் ஜெய்சன் சார்ட்டக் கேக்குறேன்.”

கேட்டாள். ஜெய்சன், தன் வேலை இல்லை என்றாலும், இலவச சட்ட உதவி மையத்தில் சொல்லிவைத்தார். அதற்குப் பலனும் இருந்தது. அடுத்த முகாமுக்கு ஆன்மேரி போனபோது தொட்டில் கட்டியிருந்த கம்பி வெறுமனே இருந்தது.

“பெயில் கெடச்சிருச்சு சிஸ்டர். புருசனுக்கும் கெடச்சிருச்சு” என்றாள் நாகஜோதி. “ரெண்டு பேரும் பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போறதாப் பேச்சு. ஊருக்குப் போக மாட்டாகளாம்.”

“நம்பர் ஏதாச்சும் குடுத்துச்சா?”

“வாங்கினதும் தாரேன்னுச்சு. அதுக்கிட்டப் போன் இல்லையே.”

ஆன்மேரி நல்லது என்றாள். வேறு என்ன சொல்வது? பிள்ளைக்கு இன்னும் ஊசி பாக்கி இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டிய நாள் வெகுதூரத்தில் இருந்தது. அதற்குள் அந்தப் பிள்ளை குப்புற விழும், தவழும், ஏதோ ஒரு பனியன் கம்பெனி லைன் வீட்டில் சுவரைப் பிடித்து நிற்கும். அதன் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியப்போவதில்லை.

அவள் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். புதிதாக வந்த பெண்கள் சிலர் வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவளுக்குக் கல்லூரியில் படிக்கிற வயதுதான் இருக்கும். அழுது அழுது கண் சிறுத்திருந்தது. கையை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“இது ஒரு தடவ போட்டா போதுமா சிஸ்டர்?”

“இல்லம்மா. அடுத்த மாசம் ஒண்ணு. அப்புறம் ஆறாம் மாசம் ஒண்ணு.”

“ஆறு மாசமா?” அந்தப் பெண் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். “அம்புட்டு நாள் நான் இங்க இருக்க மாட்டேன் சிஸ்டர். எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு.”

ஆன்மேரி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவள் கையில் தேய்த்தாள்.